முழங்கைக்காரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நீதிமன்றம், மதியம் வங்கி, நடுவில் நின்றபடியே ஒரு தேநீர். அதுவரைக்கும் நல்ல நாள்தான். வங்கியின் பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது மழை ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. விழாமல் இருக்கக் கைப்பிடிக் கம்பியை வலது கையால் எட்டிப் பிடித்தேன். உடம்பு கீழே போய்விட்டது, கை மட்டும் மேலேயே நின்றது. தோளுக்குள் பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி ஏதோ ஒன்று.

கூட வந்த தச்சர்தான் தூக்கி உட்கார வைத்தார். அவருக்குக் காது கேட்காது. அவருடைய வங்கி அட்டை தொலைந்துபோன விஷயமாகப் பேசத்தான் நான் போயிருந்தேன். அவர் சைகையில் சொல்வதை நான் வாயால் சொல்வேன், வங்கிக்காரர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்வேன். இருபது வருடமாக இந்தக் கைகளை நம்பித்தான் என் பிழைப்பு. "வலிக்குதா?" என்று கையால் கேட்டார். பதில் சொல்ல என் வலது கை எழவே இல்லை. தலையை ஆட்டிச் சமாளித்தேன்.

"அடி பட்டதுல மூட்டுவலி கிளம்பிடுச்சு" என்றார் வீட்டுக்காரர். நானும் அதையேதான் நினைத்தேன். பதினோரு வருடமாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்?

மார்ச் 7, வெள்ளி

எங்கள் வீட்டில் இதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. 'பெரிய வலி' என்று நான் சொன்னால் போதும். வீட்டுக்காரர் திரைச்சீலையை இழுத்துவிடுவார், வெந்நீர்ப் பை வந்துவிடும், மகள் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி நடப்பாள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அது நானே போட்ட சட்டம். முதல் வருடத்தில் கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினார்கள், அதனால் போட்டது. தீயணைப்புப் படைகூட இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது.

இந்தத் தடவையும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வலி மட்டும் ஒழுங்காக இல்லை. வழக்கமான வலி காலையில் இரண்டு கையிலும் கனமாக வந்து உட்காரும், மதியத்துக்குள் தளர்ந்துவிடும். இது ஒரே தோளில், கையை அசைத்தால் மட்டும். ஏன் இப்படி — தெரியவில்லை. இன்று வாராந்திர மாத்திரை நாள். நாளை முழுக்கக் குமட்டும். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. மகள் போட்டுவிட்டாள், ஒரு பொத்தான் தள்ளி. அப்படியே வேலைக்குப் போய் வந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மூட்டு டாக்டரிடம் வழக்கமான பரிசோதனை. விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி, "அப்படியே பிடிச்சுக்கோங்க" என்று விட்டார். கை தொப்பென்று தொடையில் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும் தொப்.

"இது என் வியாதி இல்லம்மா" என்றார், யாரோ அவர் குடையை மாற்றி எடுத்துப் போய்விட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மேல்மாடி எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். கையைத் தூக்க உதவும் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது.

"ரெண்டு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" எலும்பு டாக்டர் இதைக் கேட்டது வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் கையைப் பிசைந்தார்.

"எங்க வீட்ல வலின்னா ஒரே வலிதான் டாக்டர். இன்னொண்ணு வரும்னு யாரும் நினைக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அழுகை வந்தது. முடக்குவாதக்காரிக்குப் படியில் வழுக்கக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது இது வெறும் அடியாக இருக்கலாம் என்று முதல் நாளே தோன்றியிருக்கலாம். எனக்காவது.

அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாமாம். அதற்காக மூட்டு மாத்திரைகளை நிறுத்தினால் அது வேறு வம்பு. முதலில் பயிற்சி.

மார்ச் 22, சனி

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளப் பெண்ணை எல்லோரும் சின்னவள் என்கிறோம். இன்று கேட்டாள், "மேடம், அவங்க எல்லாரும் உங்களைச் சொல்றப்ப ஏன் முழங்கையைத் தட்டிக் காட்டறாங்க?"

அதுதான் என் பெயர். காது கேளாதவர்கள் தங்களுக்குள் யாரையும் எழுத்துக் கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்து ஒரு சைகை வைப்பார்கள், அது காலத்துக்கும் நிற்கும். நான் கதவுப் பிடியை முழங்கையால் அமுக்கித் திறப்பேன், மணிக்கட்டுக்கு வேலை கொடுக்காமல் இருக்க. நோயை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்த காலம் அது. அவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துப் பெயராகவே வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கோபமாக இருந்தேன், பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் ரொட்டிக்காரி வீட்டுக்கே வந்துவிட்டாள். தச்சரின் மனைவி, அடுமனையில் வேலை, அவளுக்கும் காது கேட்காது. ஆறாவது மாதம். மேசையில் ஒரு பெரிய ரொட்டியை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "ஜூன்ல உன் கை எனக்கு இருக்குமா, இருக்காதா?"

போன தடவை அவளுக்குப் பிரசவ அறையில் மொழிபெயர்க்க யாரும் இல்லை. எல்லோரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை உயிரோடு இல்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது — அதுவும் தரை துடைக்க வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து. அதனால்தான் இந்தத் தடவை முதல் மாதத்திலேயே என்னிடம் வார்த்தை வாங்கிக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்லணும். அவங்க முணுமுணுக்கறதையும்."

"இருக்கும்" என்றேன், இடது கையால். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று எழுத வேண்டும், ஆனால் வாயைக் கொடுக்கவில்லையே.

ஏப்ரல் 3, வியாழன்

பிசியோ ஒரு ஆஜானுபாகு. தோளில் கை வைத்தால் மட்டும் பஞ்சு. நிலைக்கதவின் மரச்சட்டத்தில் விரல்களை வைத்து நண்டு மாதிரி மேலே ஏறச் சொல்கிறார். எங்கே வலி கடிக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தில்தான் மகள் வளர வளரப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். இன்று என் நண்டு அவளுடைய நாலு வயதுவரை ஏறிவிட்டு நின்றுவிட்டது. மகள் பக்கத்திலேயே சிவப்புக் கோடு போட்டாள். "நாலு வயசுல நான் ரொம்ப அழகா இருந்தேன்மா, கவலைப்படாத."

ரொட்டிக்காரி பிரசவக் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பாள். அங்கே கட்டில் உயரம். அவள் கண்ணில் பட வேண்டுமானால் என் கை என் நெற்றி உயரத்தில் நிற்க வேண்டும். அளந்து பார்த்தேன். அது மகளின் பதினோரு வயது.

ஏப்ரல் 9, புதன்

இடது கையை முதன்மையாக வைத்துப் பேசிப் பழகுகிறேன். முடக்குவாதம் முதலில் கை வைத்தது இடது கையில்தான், இரண்டு விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ரொட்டிக்காரியிடம் ஒரு நீளமான கதையைச் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"புரியுது. ஆனா வாயில ரொட்டியை அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். வலது தோள் குலுங்கி உயிர் போனது.

ஏப்ரல் 17, வியாழன்

எலும்பு டாக்டர்: "கையை அசைச்சுக்கிட்டே இருங்க, விட்டா தோள் இறுகிடும்."

மூட்டு டாக்டர்: "விரலுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு குடுங்க."

ஒரே கட்டடம், ஒரே கை. அவர் மேல்மாடி, இவர் கீழ்மாடி. நான் லிஃப்டில். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அவரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பொத்தானை அமுக்கறாங்க. பக்கத்துல இருக்கற மாடிக்கு முதல்ல போ" என்றார். எனக்குக் கோபம் வந்தது, எல்லாவற்றுக்கும் லிஃப்டையே இழுத்து வருகிறாரே என்று. ஆனால் பிசியோவிடம் கேட்டபோது அவரும் சுற்றிச் சுற்றி அதையேதான் சொன்னார். விரல் வீங்கியிருக்கிற காலையில் விரலைத் தொடாமல், கைத்தடியை முழங்கைக்குக் கீழே வைத்துத் தோளை மட்டும் தூக்க வேண்டும். நண்டு மதியத்துக்கு மேல்.

ஏப்ரல் 30, புதன்

ஆறு வயது.

மே 6, செவ்வாய்

எட்டு வயது! மகள் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள், நான் அவளுக்கு எட்டு வயதில் கொடுத்த அதே தோரணையில். தலையை நானே வாரிக்கொண்டேன். பின்பக்கம் சரியாக வரவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

மே 13, செவ்வாய்

தொண்டைப் புண், காய்ச்சல். மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், காய்ச்சல் தணியும்வரை வெள்ளிக்கிழமை மாத்திரை வேண்டாம் என்று மூட்டு டாக்டர் போனில் சொன்னார். எனக்குத் தெரியும், நிறுத்தினால் என்ன வரும் என்று. வரும்.

மே 17, சனி

வந்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. மகளின் தடிப் பென்சிலால் எழுதுகிறேன்.

மே 19, திங்கள்

பத்து விரலும் வீங்கிக் கிடக்கு. நண்டு ஏறவே இல்ல. தோள் வேற மறுபடி இறுகுது. ஒண்ணைக் கவனிச்சா இன்னொண்ணு கோவிச்சுக்குது, ரெண்டு பொண்டாட்டிக்காரன் கெட்டான். எத்தனை தடவதான் முதல்ல இருந்து ஆரம்பிக்கறது? நல்லா இருக்கறவங்களுக்கு அடி பட்டா அடி மட்டும்தான். ஆறும், மறந்துடுவாங்க. எனக்கு ஏன் எல்லாமே சேர்த்து வச்சு வருது. அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வார்த்தை குடுத்தேன். முடியாதுன்னு சொல்லிடணும். சொல்லிட்டா நிம்மதி.

நிம்மதியா?

மே 24, சனி

போய்ச் சொல்லிவிட்டேன். அடுமனையின் பின்கட்டில், மாவுத் தட்டுகளுக்கு நடுவே. இரண்டு நாளாகச் சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு போனேன். என் கை இந்த நிலையில் இருக்கிறது, பாதியில் விழுந்துவிட்டால் உனக்குத்தான் நஷ்டம், சின்னவள் சுறுசுறுப்பானவள், அவளை ஏற்பாடு செய்துவிட்டேன். வீங்கிய விரலால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

ரொட்டிக்காரி மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். எங்கள் சைகையில் நீயும் நீங்களும் ஒன்றுதான், மரியாதை முகத்தில் இருக்கும். இன்று முகத்தில் அதுவும் இல்லை.

"போன வாரப் பரிசோதனைக்குச் சின்னவதான் வந்தா. நல்லா பேசறா. அழகா பேசறா. நர்ஸ் ரத்த அழுத்தம் ஏறியிருக்கு, எனக்குக் கவலையா இருக்குன்னு சொன்னாங்க. இவ 'கொஞ்சம் ஏறியிருக்கு, பரவாயில்ல'ன்னு சொன்னா. நான் நர்ஸோட உதட்டைப் பார்த்துட்டேன்."

"அவ சின்னப் பொண்ணு. உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு நினைச்சிருப்பா."

"தெரியும். நல்ல மனசு. எனக்கு நல்ல மனசு வேண்டாம். கிழிஞ்ச தோளா இருந்தாலும் சொன்னதை அப்படியே சொல்ற ஆள் வேணும்."

"தூக்க முடியலன்னா?"

"உன் பேரே முழங்கைதானே. கதவைத் திறக்கற மாதிரி ஏதாவது வழி பண்ணு."

அவ்வளவுதான். அடுப்பு விளக்கு எரிந்தது, திரும்பிவிட்டாள். நான் கொஞ்ச நேரம் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வேறொன்றும் வந்தது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம், உன் உடம்பு இப்படித்தான், சரி, இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஒன்று முழுதாக முடிய வேண்டும், இல்லாவிட்டால் விலகிவிட வேண்டும் — அதுதான் என் கணக்கு.

வீட்டுக்கு வந்து சின்னவளுக்குப் போன் செய்தேன்.

மே 27, செவ்வாய்

போன வெள்ளியிலிருந்து மாத்திரை மறுபடியும். மூட்டு டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டும் சேர்த்திருக்கிறார். வீக்கம் இறங்குகிறது, பசி ஏறுகிறது. முகமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

சின்னவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "நான் பொய் சொல்லல மேடம், கொஞ்சம் மெதுவா சொன்னேன்." மெதுவாகச் சொல்வது நம் வேலை இல்லை என்றேன். பிறகு, நாம் இரண்டு பேரும் மாறி மாறி நிற்கலாம், என் கை ஓயும்போது உன் கை என்றேன். பெரிய கூட்டங்களில் எல்லோரும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். மருத்துவமனைகளில் நான் மட்டும் தனியாகவே நின்று பழகிவிட்டேன். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை.

மே 31, சனி

எங்கள் வீட்டில் ஒத்திகை. ரொட்டிக்காரி பெரிய வயிற்றோடு மேசையில் ஏற முடியாது என்பதால் சோபாவில் படுத்தாள், நான் முக்காலியில் ஏறி நின்றேன். வீட்டுக்காரர்தான் டாக்டர், முகத்தில் சமையலறைத் துணியைக் கட்டிக்கொண்டு. என்ன பேசுவது என்று தெரியாமல், "தள்ளுங்க, கதவு மூடப் போகுது" என்றார். நான் அதையும் அப்படியே கையில் சொன்னேன். ரொட்டிக்காரி சிரித்த சிரிப்பில் இங்கேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று தச்சர் பயந்துவிட்டார்.

கை நெற்றிவரை போகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி சாய்கிறது. தச்சர் சிரிக்காமல் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், மரத்தை வாங்கும் முன் பார்க்கிற மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

பதினொன்று. தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆனாலும் தொட்டது தொட்டதுதான்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று கையைத் தலையணையில் கிடத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று காலை தச்சரிடமிருந்து வீடியோ அழைப்பு. முகம் தெரியவில்லை, அவசரத்தில் செருப்பு மாட்டும் கால்தான் தெரிந்தது. நானும் சின்னவளும் முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தோம். மதியம்வரை பேசி வைத்தபடி மாறி மாறி நின்றோம். சின்னவள் இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. டாக்டர் தன் இடுப்பு வலியைப் பற்றி நர்ஸிடம் சொன்னதைக்கூட மொழிபெயர்த்தாள்.

கடைசிக் கட்டம் வந்ததும் தலைமை நர்ஸ் கறாராகச் சொன்னார்: கணவர் இருக்கலாம், மொழிபெயர்க்க ஒருத்தர் மட்டும். இரண்டு பேரும் ரொட்டிக்காரியைப் பார்த்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையை எடுத்து முழங்கையைத் தட்டினாள். சின்னவள் வெளியே போகும்போது என் காதில், "நான் கதவுக்கு வெளியவே இருக்கேன் மேடம்" என்றாள்.

கட்டிலின் பக்கவாட்டில் நான், எனக்கு அடுத்து தச்சர். அவருடைய ஒரு கை அவள் பிடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன். தள்ளு என்றார்கள், தள்ளு என்றேன். நிறுத்து என்றார்கள், நிறுத்து என்றேன். தலை தெரிகிறது. முடி நிறைய இருக்கிறது. கத்தரிக்கோல் எங்கே என்று ஒருவர் எரிந்து விழுந்தார், அதையும் சொன்னேன். தோளுக்குள் நெருப்பு. கை சாய ஆரம்பித்தது. நெற்றியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து தாடைக்கு. அவள் கண் என் கையைத் தேடிக் கீழே வருவதைப் பார்த்தேன். இதோ, இங்கேதான் விழப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது முழங்கைக்குக் கீழே ஏதோ வந்து முட்டியது. தச்சரின் உள்ளங்கை. அலமாரிப் பலகைக்கு அடியில் தாங்கி வைப்பது போல அதை வைத்து, என் கையை மேலே ஏற்றி, அங்கேயே நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த பாரம் எல்லாம் அவர் கைக்குப் போய்விட்டது. மணிக்கட்டுக்கும் விரலுக்கும் மட்டும்தான் என் வேலை. அது போதும், பேசுவதற்கு அதுதானே வேண்டும்.

குழந்தை வந்துவிட்டது. அறை அமைதியாகிவிட்டது.

காது கேட்கிற எனக்குத்தான் அந்த அமைதி தெரிந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தி, "ஏன் அழல?" என்றார். நர்ஸ், "முதுகைத் தேய்" என்றார். ரொட்டிக்காரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி — அந்த ஒரு நொடியை மறைக்காமல் எழுதிவிடுகிறேன் — 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சின்னவளைத் திட்டிய அதே வாய். ஆனால் கை உயரத்தில் இருக்கிறது, தாங்கிக்கொண்டிருக்கிறவரும் அதைத்தான் பார்க்கிறார். சொன்னேன். பெண் குழந்தை. இன்னும் அழவில்லை. முதுகைத் தேய்க்கிறார்கள். ஏன் அழவில்லை என்று கேட்கிறார்கள். மூக்கில் குழாய் வைக்கிறார்கள்.

அவள் முகம் இறுகியது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. என் முழங்கைக்குக் கீழே இருந்த கையும் இறங்கவில்லை.

பிறகு குழந்தை அழுதது. முதலில் தும்மல் மாதிரி ஒன்று, அதற்கப்புறம் வீல் வீலென்று.

அழறா என்றேன்.

ரொட்டிக்காரிக்குக் குழந்தை இன்னும் தெரியவில்லை, டாக்டரின் முதுகு மறைத்திருந்தது. என் கையைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கேட்டாள், "எவ்வளவு சத்தமா?"

"கட்டடம் முழுக்கக் கேக்குது" என்றேன். பொய் இல்லை. கதவுக்கு வெளியே சின்னவள் கை தட்டியது எனக்குக் கேட்டது.

ஜூன் 14, சனி

சட்டை போட மகள்தான் மறுபடியும். எல்லாப் பொத்தானும் சரியாக.

ஜூலை 6, ஞாயிறு

பிசியோ இன்று உண்மையைச் சொல்லிவிட்டார். நண்டு ஒரு மாதமாகப் பதினொன்றிலேயே நிற்கிறது. இதற்குமேல் ஏறலாம், ஏறாமலும் போகலாம், தோள் இப்படியே நிலைத்தாலும் நல்ல தோள்தான் என்றார். நான் அழவில்லை. மகளுக்குத்தான் வருத்தம், சிவப்புக் கோடு அவளைத் தாண்டிப் போகும் என்று எதிர்பார்த்திருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

தச்சர் குடும்பத்தோடு வந்தார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ஒல்லியான மரத்தாங்கி ஒன்று. மூன்று பாதம், நடுவில் ஒரு தண்டு, உச்சியில் முழங்கை உட்காருகிற அளவுக்குக் குழிவாகச் செதுக்கிய சின்னக் கட்டை. ஒரு திருகைத் தளர்த்தினால் உயரம் ஏறும், இறங்கும். திருகுக்குப் பெரிய மரத்தலை வைத்திருக்கிறார், விரல் வேண்டாம், உள்ளங்கையால் திருப்பலாம். ஒத்திகை அன்றைக்கே மனசுக்குள் அளவெடுத்துவிட்டாராம். மடக்கினால் குடை அளவு.

முழங்கையை வைத்துப் பார்த்தேன். கையை எடுக்கவே மனம் வரவில்லை.

"முந்தியே கேட்டிருக்கலாமே" என்றார்.

கேட்டிருக்கலாம்தான்.

குழந்தைக்குக் காது கேளாத கூட்டத்தார் பெயர் வைத்துவிட்டார்கள். ரொட்டிக்காரி செய்து காட்டினாள்: காதருகே விரல்களை விரித்து ஒரு குலுக்கு. சத்தக்காரி. யாருக்குமே கேட்காத ஒரு வீட்டில் அவள்தான் சத்தக்காரி. மூச்சுவிடாமல் அழுதுகொண்டிருந்தாள், அவளுடைய அப்பாவும் அம்மாவும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் பாவம், பஞ்சைத் தேடினார்.

அவர்கள் போன பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாளை பெரிய கூட்டம், நாள் முழுக்க. சின்னவளும் நானும் ஜோடியாக வருகிறோம் என்றேன். எனக்கு முடக்குவாதம் இருக்கிறது, தோளில் ஒரு பழைய அடி, அதனால் என் தாங்கியை வைக்க மேடையில் இடம் வேண்டும் என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அந்தப் பக்கம் இருந்தவர், "சரி மேடம், எவ்வளவு இடம்?" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியதில் இப்போது வலிக்கிறது. 'பெரிய வலி' என்று சொன்னேன். வீட்டுக்காரர் எழுந்து திரைச்சீலை பக்கம் போனார், பாதியில் நின்றார், திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்ற பழைய சட்டத்தை நாங்கள் எடுத்துவிட்டோம்.

"எங்க வலிக்குது?"

"தோள் கொஞ்சம். இடது கட்டைவிரல் நிறைய."

"புதுசா, பழசா?"

நிதானமாக விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன்.

"பழசுதான்" என்றேன்.

"அப்ப சரி" என்று வெந்நீர் வைக்கப் போனார்.